மாநகராட்சிக்கு மதிப்பெண் போடும் கருத்துக்கணிப்பு: கேள்விகளை எப்படி அமைப்பது?

வர்த்தூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வர்த்தூர் பக்கம் உள்ள எங்கள் லே-அவுட்டின் குடியிருப்போர் சங்கம், உள்ளாட்சிப் பணிகளைப் பற்றி வீடு வீடாகக் கருத்துக் கேட்டு, அந்த முடிவுகளை ஒரு மனுவுடன் பெங்களூரு கிழக்கு மாநகராட்சியிடம் கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறது. 2025 செப்டம்பர் 2 முதல் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டதால், புதிய நிர்வாகம் எதை முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பதை மக்களே சொல்லிவிட்டால் நல்லது என்பது சங்கத்தின் எண்ணம். கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

முதல் வரைவில் சாலை, நடைபாதை, குடிநீர், கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, தெருநாய், மழைநீர்க் கால்வாய், போக்குவரத்து நெரிசல், மின்சாரம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டங்கள் வைத்தேன். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கட்டம், எவ்வளவு திருப்தியாக நடக்கிறது என்பதற்கு இன்னொன்று. இரண்டிலும் 1 முதல் 5 வரை மதிப்பெண். முதலில் எங்கள் தெருவில் மட்டும் கொடுத்துப் பார்த்தோம். முக்கியத்துவக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் எல்லாவற்றுக்கும் 5 போட்டிருக்கிறார்கள். திருப்திக் கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை 2. மின்வெட்டைப் பற்றி வாய் திறந்து குறை சொல்லியிராத எதிர்வீட்டுப் பெரியவர்கூட மின்சாரத்துக்கு 2 போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "மழை பெய்தால் என் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, இவர்களுக்கு இதற்கு மேல் எதற்குப் போடுவது?" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மதிப்பெண் போட்டவர்களில் அதன் படியை மிதித்தவர் யாரேனும் உண்டா என்பதும் சந்தேகம்தான்.

இப்படி வரும் தாள்களைக் கூட்டிச் சராசரி எடுத்துக் கொடுத்தால் "மக்கள் கோபமாக இருக்கிறார்கள்" என்பதைத் தவிர அதில் என்ன தெரியும்? சங்கத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. மாநகராட்சியின் கையில் இல்லாதவற்றை எல்லாம் நீக்கிவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். தண்ணீர் வராதவனுக்கு எந்தத் துறை என்பது எதற்கு, எல்லாவற்றையும் கேட்கத்தான் வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். இத்தகைய கணிப்புகளை நடத்தியவர்களோ, இந்தத் துறைகளின் உள்விவரம் அறிந்தவர்களோ வழி சொன்னால் உதவியாக இருக்கும்.


அல்சூர்க்காரன் எழுதியது:

நண்பரே, இந்தக் கேள்விக்கு விடை தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை என்ற பெயரில் இன்று பல நாடுகள் பின்பற்றும் முறை பிறந்தது நம் பெங்களூரில்தான். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த சாமுவேல் பால், 1993-இல் சிலருடன் சேர்ந்து இந்த நகரத்தின் பொதுச் சேவைகளைப் பற்றி வீடுகளில் கருத்துக் கேட்டார். அடுத்த ஆண்டு அவரே தொடங்கிய பொது விவகார மையம் 1999-இலும் 2003-இலும் அதே பணியைத் திரும்பச் செய்தது.

முதல் கணிப்பின் முடிவுகள் வெளிவந்தபோது இங்கே வேலையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தில் திருப்தி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர். ஓரளவு நல்ல பெயர் வாங்கிய நகரப் பேருந்துக்கும் சுமார் மூவரில் ஒருவரின் ஆதரவுதான் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வை மதிக்கத்தக்கதாக ஆக்கியது குறைந்த மதிப்பெண்கள் அல்ல; அவை எப்படிப் பெறப்பட்டன என்பதுதான். ஒரு துறையுடன் நேரடியாகத் தொடர்பு வைத்தவரிடம் மட்டுமே அந்தத் துறையைப் பற்றிக் கேட்டார்கள். திருப்தியா இல்லையா என்பதோடு நிற்காமல், எத்தனை முறை அலைந்தீர்கள், வேலை முடிந்ததா, ஊழியர் எப்படி நடந்துகொண்டார், கையில் ஏதாவது கொடுக்க வேண்டி வந்ததா என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். குடிசைப் பகுதிகளுக்குத் தனிக் கணிப்பு நடத்தி, அதை நடுத்தர வர்க்கத்தின் கணக்கோடு கலக்காமல் வைத்தார்கள்.

இப்படிப் பிரித்துக் கேட்டதன் பயன் 1999-இல் தெரிந்தது. அந்த ஆண்டு திருப்தி என்று சொன்னவர்களின் விகிதம் முதல் கணிப்பைவிடக் கூடியிருந்தது. லஞ்சம் கொடுத்தேன் என்றவர்களின் விகிதமும் கூடியிருந்தது! ஒரே ஒரு சராசரி மதிப்பெண்ணை மட்டும் எடுத்திருந்தால், நகரம் முன்னேறிவிட்டது என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். 2003-இல் இரண்டும் நல்ல திசையில் நகர்ந்தன. நடுவில் 1999-இல் எஸ்.எம். கிருஷ்ணா அரசு நந்தன் நிலேகனி தலைமையில் பெங்களூரு செயல்திட்டக் குழுவை அமைத்தது. 2000-இல் சொத்து வரியைத் தாமே கணக்கிட்டுக் கட்டும் முறை வந்தது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் தங்கள் பெயர் போட்ட அட்டவணை நாளிதழில் வரும் என்று தெரிந்த பிறகு துறைத் தலைவர்கள் அதைக் கவனிக்கத் தொடங்கினார்கள் என்பதில் ஐயமில்லை.

ஆகவே திருப்திக் கட்டத்தை எடுத்துவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். "தெருவிளக்குப் பராமரிப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் 2 என்றுதான் வரும். "உங்கள் வீட்டுக்கு அருகில் கடைசியாக விளக்கு எரியாமல் போனது எப்போது, புகார் செய்தீர்களா, எத்தனை நாளில் சரியானது?" என்று கேட்டால் எதிர்வீட்டுப் பெரியவரால்கூட மழைநீர்க் கோபத்தை அதில் கொட்ட முடியாது. சுகாதார நிலையத்தைப் பற்றிய கேள்விக்கு முன்னால் "கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் யாராவது அங்கே சென்றார்களா?" என்று ஒரு வாசல் வையுங்கள். இல்லை என்பவர் அடுத்த பகுதிக்குப் போகட்டும்.


விவேக்நகர் செல்வி எழுதியது:

அல்சூர் ஐயா குடிசைப் பகுதிகளைத் தனியாகக் கேட்டதைக் குறிப்பிட்டார். அதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் லே-அவுட்டின் பின்பக்கம் நீலத் தார்ப்பாய் போட்ட தகரக் கொட்டகைகள் இருக்கின்றனவா? வர்த்தூர், குஞ்சூர் பக்கம் அவை இல்லாத இடம் குறைவு. உங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்களும், வாசலில் காவலுக்கு நிற்பவர்களும், கட்டட வேலைக்குப் போகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். சங்கத்தின் தாள் சங்க உறுப்பினருக்குத்தான் போகும். பெரும்பாலான சங்கங்களில் உறுப்பினர் என்றால் வீட்டு உரிமையாளர். வாடகைக்கு இருப்பவருக்கே அந்தத் தாள் போவதில்லை என்னும்போது கொட்டகைக்கு எங்கே போகப் போகிறது?

இதை நியாயம் கருதி மட்டும் சொல்லவில்லை. உங்கள் முடிவுகளே தவறாகிவிடும். பெரிய அடுக்குமாடி வளாகங்களில் குப்பையை எடுப்பது தனியார் ஒப்பந்ததாரர். மாநகராட்சியின் ஆட்டோ டிப்பர் அந்த வாசலுக்குள் வருவதே இல்லை. தண்ணீர் டேங்கரிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ வருகிறது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறது. அங்கே குடியிருப்பவர் இவற்றுக்கெல்லாம் 4 போட்டால் அந்த நான்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கு விழுந்த மதிப்பெண். உள்ளாட்சியின் சேவையை வேறு வழியில்லாமல் முழுதாக நம்பி வாழ்பவர் கொட்டகையில் இருப்பவர்தான். அவரை விட்டுவிட்டு உள்ளாட்சியை எப்படி அளப்பீர்கள்?

முன்னுரிமைகளும் வேறாக இருக்கும். நான் வேலை செய்த பகுதிகளில் பெண்களிடம் கேட்டபோது, தார்ச் சாலை பட்டியலின் அடியில்தான் வந்தது. பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு, அங்கன்வாடி திறந்திருக்கும் நேரம், வேலைக்குப் போவதற்கு முன் தண்ணீர் வருவது ஆகியவையே மேலே வந்தன. உரிமையாளர், வாடகைதாரர், கொட்டகை என்று மூன்று நிறத் தாள்களை அச்சடித்து, மூன்றையும் தனித்தனியாகவே கூட்டுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நீங்களே படித்துக் காட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போது வீட்டு முதலாளி பக்கத்தில் நிற்கக் கூடாது.


வர்த்தூர்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நடந்ததைக் கேட்பது, வாசல் கேள்வி வைப்பது இரண்டும் உடனே செய்யக்கூடியவை. கொட்டகைகள் இருக்கின்றன, அம்மா. ஏரிப் பக்கம் நிறையவே உண்டு. சங்கத்தில் அதற்கு எதிர்ப்பு வரும் என்று இப்போதே தெரிகிறது, ஆனாலும் தனி நிறத் தாள் என்பதை நான் முன்வைக்கிறேன். முன்னுரிமைக் கட்டத்தில் எல்லோரும் 5 போடுவதற்கும், எந்தத் துறை என்ற சண்டைக்கும் இன்னும் வழி தெரியவில்லை.


பழைய கணக்கர் எழுதியது:

வணக்கம். உள்ளாட்சிக் கணக்குகளோடு பல ஆண்டுகள் மாரடித்தவன் என்ற முறையில் அந்த இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். இரண்டும் ஒரே சிக்கலின் இரண்டு முனைகள்.

விலை இல்லாத இடத்தில் எல்லாம் முக்கியம்தான். ஆகவே விலை வையுங்கள். "இந்த வார்டுக்கு 100 ரூபாய் வந்திருக்கிறது, கீழே உள்ள எட்டு வேலைகளுக்கு அதை எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒன்றில் 60 போட்டவர் மற்ற ஏழுக்கும் சேர்த்து 40-தான் போட முடியும் என்னும்போது யோசித்துத்தான் ஆக வேண்டும். அரசின் முன்னுரிமையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அமைச்சரின் பேச்சில் பார்க்கக் கூடாது. பழைய மாநகராட்சியின் 2025-26 வரவுசெலவுத் திட்டம் ஏறத்தாழ 19,900 கோடி ரூபாய். ஹெப்பாளில் இருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட சுரங்கச் சாலைக்கு மட்டும் 17,000 கோடிக்கு மேல் மதிப்பீடு. பணம் வரும் வழி வேறு என்று சொல்வார்கள், அதுவும் சரிதான். என்றாலும் ஒரு நகரம் முழுவதன் ஓராண்டுச் செலவுக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகையைக் கார் போவதற்கான ஒரு வழிக்கு ஒதுக்க நினைப்பதும் ஒரு முன்னுரிமைதானே. உங்கள் தாளில் நடைபாதைக்கு 30 ரூபாயும் மேம்பாலத்துக்கு 5 ரூபாயும் விழுந்தால், அந்த இரண்டு எண்களை மட்டும் மனுவின் முதல் பக்கத்தில் போடலாம்.

இன்னொரு விதமான விலையும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் குப்பைக்கான பயனர் கட்டணம், கட்டடப் பரப்பைப் பொறுத்து மாதம் 10 ரூபாய் முதல் 400 ரூபாய் வரை, சொத்து வரியோடு சேர்த்து வாங்கப்படுகிறது. அதைக் கட்டியவரிடம் "கட்டிய பிறகு வண்டி வருவதில் மாற்றம் உண்டா?" என்று கேட்டால் கிடைக்கும் பதில், திருப்தி மதிப்பெண்ணைவிட எடையுள்ளதாக இருக்கும்.

இனித் துறைச் சண்டை. நீங்கள் பட்டியலிட்டவற்றில் கணிசமானவை மாநகராட்சியின் வேலையே அல்ல. குடிநீரும் கழிவுநீரும் 1964 முதல் தனி வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் பெஸ்காம் என்ற மின் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. நெரிசலில் பாதிக்கு மேல் போக்குவரத்துக் காவல் துறை, அது உள்துறையின் கீழ் வருகிறது. குப்பைக்குத் தனி நிறுவனம். உங்கள் வர்த்தூர் ஏரி, பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் வசம். இவர்களில் ஒருவருக்கும் மாநகராட்சி ஆணையர் உத்தரவிட முடியாது. ஐந்து மாநகராட்சிகளுக்கும் மேலே முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட பெரு பெங்களூரு ஆணையம் அமைக்கப்பட்டிருப்பதே இந்தத் துறைகளை ஒரு மேசைக்குக் கொண்டுவரத்தான் என்று சட்டம் இயற்றியவர்கள் சொன்னார்கள். வருகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அதற்காக இவற்றைத் தாளிலிருந்து நீக்கச் சொல்ல மாட்டேன். குடியிருப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னவர்கள் கேட்கும் கட்டத்தைப் பொறுத்தவரை சொன்னது சரி. கொடுக்கும் கட்டத்தில்தான் பிரிக்க வேண்டும். ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி தார் போடுகிறது. வாரியம் குழாய் பதிக்கத் தோண்டுகிறது. மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போகிறது. மழையில் அது உள்வாங்கி, ஒரு சாணுக்குப் பள்ளம் விழுந்து, அதில் ஒரு ஸ்கூட்டர் விழுகிறது. தாளில் "சாலை: 1" என்று வரும். அந்த 1 யாருக்கு? "உங்கள் தெருவில் உள்ள பள்ளம் தானாக விழுந்ததா, தோண்டி மூடியதா?" என்று ஒரே ஒரு துணைக்கேள்வி வைத்தால் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாள் என்பது முடிவாகிவிடும். ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயிலும் இதே கதை. கால்வாய் மாநகராட்சியுடையது, அதில் மழையில்லாத நாளிலும் ஓடும் சாக்கடை வாரியத்துடையது. தண்ணீர் நிறைந்து வீட்டுக்குள் வருகிறதா, நாற்றம் வருகிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

குடிநீருக்கு உங்கள் பகுதியில் தனிக் கவனம் தேவை. 2024 கோடையில் டேங்கருக்காக நின்ற யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 2007-இல் நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காகவே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். உங்கள் பக்கத்துக் கிராமங்களும் அதில் அடங்கும். ஆனால் குழாய் வாசல் வரை வந்தும், இணைப்புக் கட்டணம் அதிகம் என்று எடுக்காதவர்கள் ஏராளம். ஆகவே "தண்ணீர்: 1" என்பதில் மூன்று வேறு செய்திகள் ஒளிந்திருக்கலாம்: குழாயே வரவில்லை, வந்தும் இணைப்பு எடுக்கவில்லை, எடுத்தும் தண்ணீர் வரவில்லை. மூன்றாவதற்கு வாரியத்திடம் போய்ச் சண்டை போடலாம். இரண்டாவதை எடுத்துக்கொண்டு போனால் பொறியாளர் உங்களையே திருப்பிக் கேட்பார்.


சந்தேகி எழுதியது:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்? 2015 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கார்ப்பரேட்டர் என்று ஒருவர் இல்லாமலே இந்த நகரம் நடத்தப்பட்டது. அதிகாரிக்கு மக்கள் போடும் மதிப்பெண்ணால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இடமாற்றம் வந்தால் அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவார். 1990-களில் நாளிதழ்களின் மீதாவது பயம் இருந்தது.

நடைமுறையில் கடிக்கக்கூடிய பல் ஒன்றே ஒன்றுதான் என் கண்ணில் படுகிறது. கர்நாடகத்தில் 2011-இல் சகாலா சட்டம் வந்தது. பட்டியலிட்ட சேவைகளைக் குறித்த நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் விண்ணப்பதாரருக்கு இழப்பீடு. தொகை அற்பம்தான், ஆனால் தாமதத்துக்குப் பொறுப்பான அதிகாரியின் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ், காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) மாற்றம் முதலியவற்றுக்கு "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்குப் பதிலாக "விண்ணப்ப எண் கிடைத்ததா, சட்டம் சொன்ன நாளுக்குள் கையில் வந்ததா?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அது கருத்து அல்ல, ஆதாரம்.


அல்சூர்க்காரன் எழுதியது:

சந்தேகி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தேர்தல் இல்லாத காலத்தில் மதிப்பெண்ணுக்குக் கூர்மை குறைவுதான். ஆனால் வார்டு எல்லைகள் புதிதாக வரையப்பட்டிருக்கின்றன. உங்கள் வார்டில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் 100 ரூபாய்ப் பிரிப்பின் முடிவைக் கொடுத்து, "எட்டு வேலைகளில் நீங்கள் எதற்கு எவ்வளவு?" என்று எழுதி வாங்கலாம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருப்பது சங்கத்தின் வேலை.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். செப்டம்பரில் கேட்டால் கால்வாய், மார்ச்சில் கேட்டால் தண்ணீர் என்றுதான் பதில் வரும். ஒரே தாளை மழைக்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும், அதே வீடுகளில் கேளுங்கள். கேள்வியின் ஒரு சொல்லைக்கூட நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால் ஒப்பிட முடியாது.


வர்த்தூர்வாசி எழுதியது:

புதிய வரைவு ஏறக்குறைய வடிவம் பெற்றுவிட்டது. திருப்தி மதிப்பெண் முழுவதுமாகப் போய்விட்டது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வாசல் கேள்வி, அதன்பின் நடந்ததைப் பற்றிய இரண்டு அல்லது மூன்று கேள்விகள், முடிவில் 100 ரூபாய்ப் பிரிப்பு. பள்ளம், கால்வாய், குடிநீர் ஆகிய மூன்றுக்கும் கணக்கர் ஐயா சொன்ன துணைக்கேள்விகளை அப்படியே வைத்திருக்கிறேன். சகாலா கேள்வியும் சேர்ந்துவிட்டது. கொட்டகைப் பகுதியில் கேட்பதற்குச் சங்கம் சம்மதித்தது, ஆனால் தனி மனுவாகக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அது சரியா என்று எனக்குத் தெளிவில்லை.


விவேக்நகர் செல்வி எழுதியது:

தனி மனு வேண்டாம். தனியாகக் கூட்டுங்கள் என்றுதான் சொன்னேன், தனியாக அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. தனியாகப் போனால், இடத்தைக் காலி செய்யச் சொல்வதற்கு அதையே காரணமாக்கிவிடுவார்கள். ஒரே மனுவில், பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக இருக்கட்டும். கொட்டகைத் தாள்களில் பெயரோ கைபேசி எண்ணோ எழுத வேண்டாம். எந்த வரிசைக் கொட்டகை என்பது போதும்.

மனுவும் கேள்வித்தாளும் கன்னடத்தில் இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லையே! அலுவலகத்தில் அப்போதுதான் எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் குழுவில் கன்னடம் நன்றாக எழுதுபவர்கள் இருவர் இருக்கிறார்கள். வரைவை இங்கே இடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தருகிறோம்.